பிசியோவும் ஆக்குபேஷனல் தெரபியும் பேசிக்கொள்ளும் இடம்

பக்கவாதம் வந்தவருக்குச் சிகிச்சை மையம் தேடுகிறவர்கள் "பிசியோ இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிட வேண்டாம். உடுத்துவது, சவரம் செய்வது போன்ற அன்றாட வேலைகளை நோயாளி தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.) தனியாக இருக்கிறாரா, இருவரும் நோயாளியைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா என்றும் கேளுங்கள். அப்பாவை நாங்கள் அழைத்துப்போகும் மையத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பது அதற்காகத்தான்.

காலுக்குப் பிசியோ, கைக்கு ஓ.டி. என்று பலர் சொல்வார்கள். அப்படிப் பிரிக்க முடியாது. அப்பாவுக்கு மூளையின் வலது பக்கம் பாதிப்பு, அதனால் இடது கையும் காலும் பலமிழந்தன. அந்த இடது தோளை இருவருமே பார்த்தார்கள். மூட்டு நழுவி இறங்காமல் எப்படித் தாங்குவது, தசை எங்கே இறுகுகிறது, கை எவ்வளவு உயர்கிறது என்பதெல்லாம் பிசியோவின் கவலை. உயர்கிற அந்த அளவை வைத்துக்கொண்டு அவர் சட்டை போட முடியுமா என்பது ஓ.டி.யின் கவலை.

சட்டை போடக் கற்றுக்கொடுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சட்டையை மடியில் விரித்து, பலமில்லாத கையை முதலில் நுழைத்து, முழங்கைக்கு மேலே தோள்வரை இழுத்துவிட வேண்டும். அப்புறம்தான் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து நல்ல கை. பொத்தானைக் கீழிருந்து மேலே போட வேண்டும், அப்போது வரிசை தவறாது. கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வரும். அப்பா திணறியபோது உதவ எழுந்தேன். "அவரே போடட்டும் மேடம்" என்று தெரபிஸ்ட் என்னை உட்கார வைத்துவிட்டார். நேரம் ஆனது, ஆனால் அவரே போட்டார்.

இந்த மையத்தின் அருமை எனக்குப் புரிந்தது சவரம் செய்யும்போது. அப்பா வலது கன்னத்தை மட்டும் வழித்துவிட்டு முடிந்தது என்றார். பார்வையில் கோளாறு இல்லை, மூளை இடது பக்கத்தைக் கவனிப்பதில்லை என்று ஓ.டி. விளக்கினார். கண்ணாடியின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, முதலில் அதைத் தேடிப் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொன்னார். இதைப் பிசியோவிடமும் சொல்லியிருக்கிறார். நடைப்பயிற்சியில் அப்பா கதவின் இடது நிலையில் மோதிக்கொண்டே இருந்ததைக் காலின் பலவீனம் என்று மட்டும் பார்க்காமல், பிசியோ அதன்பின் நடக்கும்போதும் இடப்பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தார். ஒரே கோளாறை ஒருவர் கண்ணாடி முன்னால் பிடித்தார், இன்னொருவர் வாசலில் சரிசெய்தார்.

எல்லை தெரிந்த மரியாதையும் இருக்கிறது. பிசியோ விடுப்பில் இருந்த அன்று, ஊன்றுகோலை மாற்றலாமா என்று ஓ.டி.யிடம் கேட்டேன். வாஷ்பேசின் வரை நடக்கத் துணைக்கு வருவேன், ஆனால் ஊன்றுகோலை முடிவு செய்ய வேண்டியவர் பிசியோ என்று தெளிவாகச் சொன்னார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை கூடியது அப்போதுதான்.

குறைகளும் உண்டு. வரவேற்பில் இருப்பவர்கள் இரண்டையுமே பிசியோ என்கிறார்கள். இதனால் கூட வருபவர்கள் பலர் ஓ.டி.யை ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்துப் பாதியிலேயே கிளம்பிவிடுகிறார்கள். பார்க்க வேதனையாக இருக்கிறது. நடக்க முடிந்தும் கழிப்பறைக்குப் போக இன்னொருவர் துணை வேண்டும் என்றால் அந்த மனிதர் வீட்டில் எப்படி இருப்பார்?

அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்று புள்ளி போட்டுப் பார்க்க, 1965இல் வெளியான பார்தெல் அளவுகோலை இங்கே பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 100 புள்ளிகளில் நடப்பதற்கு 15, உடுத்துவதற்கு 10, கழிப்பறைப் பயன்பாட்டுக்கு 10. அந்தத் தாளை நாங்கள் கேட்ட பிறகுதான் காட்டினார்கள். முதல் நாளே காட்டி விளக்கியிருந்தால், இரண்டு சிகிச்சையும் ஏன் வேண்டும் என்று எந்தக் குடும்பத்துக்கும் புரிந்திருக்கும்.

இன்னொன்று, இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிடுகிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு உடம்பு சீக்கிரம் களைத்துப்போகும், இரண்டாவதாக வருகிற சிகிச்சை வீணாகிறது. நேரம் வாங்கும்போதே நடுவில் நல்ல இடைவெளி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கேட்டால் மாற்றித் தருகிறார்கள்.