டான்டோ டெம்போ: பதினைந்து ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஓர் இசைத்தொகுப்பு

பிரேசில் பாடகி பெபெல் ஜில்பெர்டோவின் ‘டான்டோ டெம்போ’வை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். தலைப்பைப் படித்ததும் சரக்கு வண்டி நினைவுக்கு வந்தால் அது வாசகர் குற்றமன்று. போர்ச்சுக்கீசிய மொழியில் அதற்கு ‘இவ்வளவு காலம்’ என்று பொருள். 2000-இல் வெளியான இத்தொகுப்பில் பதினொரு பாடல்கள் உள்ளன. சம்பாவிலிருந்து கிளைத்த மென்மையான பிரேசில் இசை வகையான போசா நோவாவை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜுவாவ் ஜில்பெர்டோவின் மகள் பாடியது என்பதால், தந்தையின் தாழ்குரல் பாணிக்கு மின்னணு மேற்பூச்சு பூசியிருக்கிறார்கள் என்றே முதலில் எண்ணினேன். வேலை செய்யும்போது பின்னால் ஓடிக்கொண்டிருக்கட்டும் என்பதற்கு மேல் அதை மதிக்கவில்லை.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு நல்ல ஹெட்போன். அதுவரை மடிக்கணினியின் ஸ்பீக்கரில் கேட்டதால் குரலும் கிதாருமே காதில் விழுந்திருந்தன. அடியில் ஓடும் பாஸ் என்னும் கனத்த தாழ்ந்த ஒலி முற்றிலும் தொலைந்துபோயிருந்தது. பிரேசிலின் தாள இசையான சம்பாவில் சுர்தோ என்னும் பெருமுரசின் கனத்த அடி இரண்டாம் தட்டில் விழும்; அந்த அசைவு கேட்காவிட்டால் மேலே உள்ளதெல்லாம் வெறும் தாலாட்டாகிவிடும். வினிசியஸ் ஜி மொராயிஸ் எழுதி பேடன் பவல் இசையமைத்த ‘சம்பா ட பென்சாவ்’ இங்கே முதல் பாடலாக வருகிறது. அதில் மின்னணு ஒலிகள் குரலுக்கு முன்னால் வந்து நிற்பதேயில்லை. சொல்லின் இறுதியில் பெபெல் விடும் மூச்சுக்குக்கூட இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

இந்த அடக்கத்தின் பெரும்பங்கு தயாரிப்பாளர் சூபாவுக்கு உரியது என்பது என் கருத்து. செர்பியாவில் பிறந்து சாவோ பாவ்லோவில் குடியேறிய அவர், 1999 நவம்பரில், தொகுப்பு வெளிவருவதற்கு முன்பே, தீ விபத்தில் இறந்துபோனார். இதை அறிந்தபின் கேட்பது வேறொரு அனுபவமாகிவிட்டது. எனினும் அந்தத் துயரத்தைப் பாடல்களின் மேல் ஏற்றிவிடாமலிருக்க முயல்கிறேன்.

குறையும் உண்டு. மார்கோஸ் வாலியின் மெட்டில் அமைந்த ‘சோ நைஸ்’ பாடலை இன்றுவரை முழுமனதுடன் கேட்க இயலவில்லை; ஹோட்டல் வரவேற்பறைக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. இரண்டாம் பாதியில் வேகம் ஒரே மட்டத்தில் நிற்பதும் உண்மை. ஜுவாவ் டொனாட்டோவும் ஜில்பெர்டோ ஜில்லும் சேர்ந்து உருவாக்கிய ‘பனனெய்ரா’ வந்துதான் உட்கார்ந்திருப்பவரை எழுப்புகிறது.

அதிகம் கேட்டது ‘சம்பா இ அமோர்’. பெபெலின் தாய்மாமன் சிகோ புவார்க்கி எழுதிய இப்பாடலில், இரவு வெகுநேரம் சம்பாவிலும் காதலிலும் கழித்த ஒருவர், வெளியே நகரம் அவசரப்பட்டுக்கொண்டிருக்க, காலையில் எழ மனமில்லாமல் படுத்திருக்கிறார். இதைக் கைப்பேசியின் அலாரமாக வைத்துப் பார்த்தேன். ஒரே வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத்துக்குத் தாமதமானதால், பழைய மணியோசைக்கே திரும்பிவிட்டேன்.