ஃபோன் பதிவைச் சுருக்கி ப்ளூடூத்தில் அனுப்ப: எஃப்எஃப்எம்பெக்கா, சாக்ஸா?

லினக்ஸ் டெர்மினலில் ஒலிக்கோப்பை மாற்ற எது நல்லது என்று கேட்டால் இரண்டு பெயர்தான் வரும்: எஃப்எஃப்எம்பெக், சாக்ஸ். இரண்டும் இலவசம், பெரிய டிஸ்ட்ரோ (லினக்ஸ் விநியோகம்) எல்லாவற்றிலும் கிடைக்கும். பேச்சுப் பதிவுக்கு வேகத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதனால் அதை விட்டுவிடுவோம். கோப்பு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஃபோனில் பதிந்த பேச்சு கணினிக்கு வந்து, சுருங்கி, ப்ளூடூத்தில் இன்னொரு ஃபோனுக்குப் போக வேண்டும் என்றால் என் தேர்வு எஃப்எஃப்எம்பெக். சாக்ஸையும் நீக்கவில்லை, காரணம் பின்னால் வருகிறது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பாக எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் ஆங்கில எழுத்துகளைத் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் கோப்பின் எடை, ஏனென்றால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான். ஒரு மணி நேர, சுருக்கப்படாத ஸ்டீரியோ வேவ் கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் 635 எம்பி. இடிஆர் என்ற வேகமான வகை ப்ளூடூத் இணைப்பு பெயருக்கு நொடிக்கு 3 மெகாபிட்; தரவுக்குக் கிடைப்பது உச்சமாக 2.1 மெகாபிட்தான். அந்த உச்சத்திலேயே ஓடினாலும் வேவ் போய்ச்சேர 40 நிமிடம் ஆகும். இடையில் ஃபோனை எடுத்துக்கொண்டு யாராவது அடுத்த அறைக்குப் போய் இணைப்பு அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. ப்ளூடூத்தில் கோப்பு தள்ளும் ஓபெக்ஸ் முறையில் அந்த வசதி இல்லை, மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். அதே பதிவை எம்பி3-இல் நொடிக்கு 64 கிலோபிட்டாக்கினால் 29 எம்பி. ஓபஸ் என்ற சுருக்க வடிவத்தில் மோனோவாக (ஒற்றைத் தடம்) 24 கிலோபிட்டாக்கினால் 11 எம்பிக்குள், ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இத்தனைக்கும் 24 கிலோபிட் ஓபஸில் பேச்சு தெளிவாகவே இருக்கும். எம்பி3-ஐ அந்த அளவுக்கு இறக்கினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும்.

சாக்ஸ் தடுக்கி விழுவது இங்கேதான். அது ஓபஸைப் படிக்கும், எழுதாது. வரும் வழியிலும் சிக்கல் உண்டு: பல ஃபோன்களின் ரெக்கார்டர் எம்4ஏ கோப்பாகச் சேமிக்கிறது, அதற்குள் இருப்பது ஏஏசி என்ற சுருக்க முறை. சாக்ஸ் அதைத் திறக்காது. டெபியன், உபுண்டுவில் எம்பி3 வேண்டுமென்றால்கூட லிப்சாக்ஸ்-எஃப்எம்டி-எம்பி3 என்ற பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். நிறுவாதவர்களுக்கு ‘கையாளி இல்லை’ என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வரும். 2015-இல் வந்த 14.4.2-தான் சாக்ஸின் மூலத் திட்டம் கடைசியாக வெளியிட்ட பதிப்பு என்பதால், இவை தானாகச் சரியாகும் என்று காத்திருப்பதில் பயனில்லை. சாக்ஸின் வெளியீட்டைக் குழாய் (பைப்) வழியாக ஓபஸ்என்க் என்ற இன்னொரு கருவிக்குக் கொடுத்து ஓபஸ் ஆக்கலாம், அது ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் ஒரு கருவியில் முடியும் வேலைக்கு இரண்டு கருவி.

எஃப்எஃப்எம்பெக்கில் ஒரே வரி: மைனஸ் ஐ, மூலக் கோப்பின் பெயர், மைனஸ் ஏசி 1 (மோனோ), மைனஸ் சி கோலன் ஏ லிப்ஓபஸ் (ஓபஸ் ஆக்கும் நிரலகம்), மைனஸ் பி கோலன் ஏ 24கே, கடைசியில் வெளியீட்டுப் பெயர். லிப்ஓபஸ் என்று வெளிப்படையாகச் சொல்ல மறந்து, பெயரை மட்டும் .ஓஜிஜி என்று முடித்தால் ஓபஸ் வராது, பெரும்பாலும் வார்பிஸ் என்ற வேறு வடிவம்தான் வரும். அதற்காக .ஓபஸ் என்று முடிக்கவும் வேண்டாம். ஆண்ட்ராய்டின் ப்ளூடூத் பகிர்வு தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளைத்தான் வாங்கிக்கொள்ளும்; .ஓபஸ் வாலைப் பழைய ஃபோன்கள் அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்பிவிடலாம். உள்ளே ஓபஸ், வெளியே .ஓஜிஜி என்று வைத்தால் ஆண்ட்ராய்டு 5 முதல் பாடும். இசைக்கு 24 போதாது. மோனோவை விட்டுவிட்டு 96 அல்லது 128 வையுங்கள்.

ஒரு கோப்புறை முழுவதையும் மாற்றும்போது இரண்டு பொறிகள் இருக்கின்றன. கோப்புப் பெயர்களை வொய்ல் ரீட் சுழலில் (பட்டியலை வரி வரியாகப் படிக்கும் ஷெல் சுழல்) ஊட்டினால், எஃப்எஃப்எம்பெக் விசைப்பலகை உள்ளீடு என்று நினைத்து அந்தப் பட்டியலையே தின்றுவிடும். முதல் கோப்பு ஒழுங்காக முடிந்திருக்கும், அடுத்த பெயரின் முதல் சில எழுத்துகளைக் காணோம் என்றால் காரணம் இதுதான். மைனஸ் நோஎஸ்டிடிஇன் சேர்த்தால் சரியாகிவிடும். இரண்டாவது, சத்தத்தைச் சமன் செய்யும் லவுட்நார்ம் வடிகட்டி. ஒரே ஓட்டத்தில் போட்டால் அது உள்ளே மாதிரி வீதத்தை 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிடும். வேவ், ஃபிளாக் கோப்புகளில் அது அப்படியே தங்கி, கோப்பு நாலு மடங்குக்கும் மேல் வீங்கும். மைனஸ் ஏஆர் 48000 என்று கட்டிவிடுங்கள்.

இனி சாக்ஸ். மின்விசிறி இரைச்சலைக் குறைப்பதில் அதன் முறை எளிமையானது. யாரும் பேசாத முதல் ஒரு நொடியை வெட்டி நாய்ஸ்ப்ரோஃபில் இரைச்சலின் மாதிரியை எடுக்க வேண்டும். பிறகு முழுக் கோப்பிலும் அதைக் கழிக்கும் நாய்ஸ்ரெட், அளவு 0.2. கொடாநிலை அளவு 0.5, அதில் விட்டால் குரலில் மணியோசைபோல ஒன்று ஒட்டிக்கொள்ளும். எஃப்எஃப்எம்பெக்கிலும் ஏஎஃப்எஃப்டிடிஎன் என்ற இரைச்சல் வடிகட்டி இருக்கிறது. இரைச்சல் மாறிக்கொண்டே இருக்கும் தெருப் பதிவுகளில் எது மேல் என்று ஒரே தீர்ப்பாகச் சொல்ல முடியாது. இரண்டிலும் அரை நிமிடம் ஓட்டிக் கேட்டுப் பார்ப்பதுதான் வழி. மௌனம் வரும் இடத்தில் வெட்டித் தனித்தனிக் கோப்பாக்குவதும் சாக்ஸில் ஒரே வரி வேலை. ஒன்று மட்டும் கவனம்: வெளியீட்டுப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் சாக்ஸ் கேட்காமலேயே அதன்மேல் எழுதிவிடும். எஃப்எஃப்எம்பெக் கேட்கும்.

அனுப்பும் பக்கத்தில் ப்ளூடூத்தைக் கட்டுப்படுத்தும் ப்ளூடூத்சிடிஎல் கட்டளைக்குள் போய் பவர் ஆன், ஏஜென்ட் ஆன், ஸ்கேன் ஆன். ஃபோனின் முகவரி தெரிந்ததும் பேர் (ஜோடி சேர்க்கும் கட்டளை), பிறகு ட்ரஸ்ட் (நம்பகமானது என்று குறிக்க). பலர் ட்ரஸ்ட்டை விட்டுவிட்டு, பிறகு ஃபோன் இணையும் ஒவ்வொரு முறையும் கணினி அனுமதி கேட்கிறதே என்று அலுத்துக்கொள்வார்கள். ப்ளூடூத் கன்ட்ரோலரே இல்லை என்று சொன்னால் முதலில் ஆர்எஃப்கில் அன்பிளாக் ப்ளூடூத் போட்டுப் பாருங்கள்.

கோப்பைத் தள்ள ப்ளூஇசட்-டூல்ஸ் பொதியிலுள்ள பிடி-ஓபெக்ஸ் போதும்: மைனஸ் பி, ஃபோனின் முகவரி, கோப்பின் பெயர். டெபியனில் ப்ளூஇசட்-ஓபெக்ஸ்டி தனிப் பொதி. அது இல்லாவிட்டால் ஓபெக்ஸ் சேவையே கிடைக்கவில்லை என்று வரும். சூடோ (ரூட் உரிமை) போட்டு ஓட்டினாலும் இதேபோலத் தோற்கும், ஏனென்றால் அந்தச் சேவை உங்கள் டெஸ்க்டாப் அமர்வின் டி-பஸ்ஸில் (நிரல்கள் பேசிக்கொள்ளும் தடம்) இருக்கிறது, ரூட்டின் கணக்கில் இல்லை. சாதாரணப் பயனராகவே ஓட்டுங்கள்.

எதிர்முனையில் ஐபோன் என்றால் இந்த வழி மூடியிருக்கிறது. ப்ளூடூத்தில் கோப்பு வாங்கும் ஓபெக்ஸ் அதில் கிடையாது. வைஃபையிலோ கேபிளிலோதான் அனுப்ப வேண்டும். அப்போது ஓபஸுக்குப் பதில் ஏஏசி, 64கே, எம்4ஏ என்று மாற்றிக்கொள்ளுங்கள். மூலமே ஃபோனின் எம்4ஏ என்றால் சுருக்கவே வேண்டியதில்லை. மைனஸ் சி காப்பி போட்டு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டினால் தரம் குறையாமல் சில நொடிகளில் முடியும்.