புதிய பாய்லர் பொருத்தியவர்களின் வேலை: ஒரு குளிர்காலத்துக்குப் பிறகு

வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரை அகற்றிப் புதியதைப் பொருத்தும் வேலையை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து ஒரு முழுக் குளிர்காலம் கடந்துவிட்டது. கருவியைப் பற்றி எழுத அதிகமில்லை. வீடு சூடாகிறது, சத்தமும் குறைவு. அதை எங்கே வைப்பது, அதற்குக் காற்று எங்கிருந்து வரும், புகை எங்கே போகும் என்பவற்றை அவர்கள் கையாண்ட விதத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

பார்வையிட வந்த பொறியாளர், விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, சமையலறை அலமாரிக்குள் இருந்த பழைய பாய்லரின் முன் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். அது அறைக் காற்றையே இழுத்து எரியும் பழைய வகை. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று வேண்டும் என்பதால், அதற்கெனச் சுவரில் ஒரு துளை விடப்பட்டிருந்தது. குளிர் அடிக்கிறதென்று அதில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி அடைத்திருந்தவர்கள் நாங்கள்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னல்களை மூடச் சொல்லி, எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, பாய்லரின் புகைத் திறப்பருகே புகைக்குச்சி ஒன்றைக் கொளுத்திப் பிடித்தார். புகைக்குழாய்க்குள் ஏற வேண்டிய அந்த மெல்லிய இழை, சற்றுத் தயங்கி, வளைந்து, எங்கள் முகத்தை நோக்கித் திரும்பியது. துண்டை உருவிய பிறகும் ஃபேன் ஓடும்வரை அது முழுவதும் மேலேறவில்லை. அந்த நிமிடமே பாய்லரை நிறுத்தி, எரிவாயுக் குழாயையும் மூடிவிட்டார்.

காற்றுப் போதாமல் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. மாலை நேரத் தலைவலிக்காக நான் மூக்குக்கண்ணாடியை மாற்றியிருந்தேன் என்பதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. தலைவலிக்குக் காரணம் பாய்லர்தானா என்று இனி நிரூபிக்க வழியில்லை.

புதிய பாய்லர் அறைக் காற்றைத் தொடாத மூடிய வகை. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரட்டைக் குழாயில், உட்குழாய் வழியே புகை வெளியேற, வெளிக்குழாய் வழியே காற்று வருகிறது. அதைப் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே பொருத்தினால் எனக்கு அலமாரி இடம் மிஞ்சும் என்று கேட்டேன். புகை திறந்த ஜன்னல் வழியே உள்ளே திரும்பும் என்று மறுத்து, துணி துவைக்கும் அறையின் வெளிச்சுவரைத் தேர்ந்தெடுத்தார். கையேடு கேட்கும் தூரத்தைவிட இரு மடங்கு தள்ளியே குழாயின் வாய் இருக்கிறது. குழாயில் படியும் நீர் வெளியே சொட்டாமல் பாய்லருக்கே திரும்பும்படி அதை உள்நோக்கிச் சற்றுச் சாய்த்தபோது மட்டத்தை மூன்று முறை சரிபார்த்ததைப் பார்த்தேன். கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் அதே அறையில், பாய்லரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி மாட்டினார்.

இவ்வளவு கவனமாக இருந்தவர்கள், பாய்லரின் கழிவுநீரை வடிகாலுக்குக் கொண்டுசெல்லும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மட்டும் வெளிச்சுவர் நெடுக, உறை எதுவும் சுற்றாமல் விட்டுவிட்டார்கள். முதல் கடும் உறைபனி இரவில் அது உறைந்து, பாய்லர் தானே நின்றுபோனது. வெதுவெதுப்பான நீரை ஊற்றி நானே இளக்கினேன். இரண்டு நாள் கழித்து வந்து, அகலமான குழாயை மாற்றி உறையும் போட்டார்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டதை இன்றும் நான் ஏற்கவில்லை.

பழைய காற்றுத்துளையை, எங்கள் அடுப்பு மின்சார அடுப்புதான், வேறெந்த எரிகருவியும் அந்த அறையில் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே செங்கல் வைத்து அடைத்தார்கள். ஐந்துக்கு நான்கு தருகிறேன். இவர்களை அழைப்பவர்கள், கழிவுநீர்க் குழாய் எந்த வழியாகப் போகும் என்பதை மதிப்பீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளவும்.