மீன்தொட்டிக்குள் மரமா, கல்லா?

நன்னீர் மீன்தொட்டியை இயற்கைப் பொருள்களால் அழகுபடுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் மரக்கட்டைக்கும் கல்லுக்கும் இடையில்தான் தடுமாறுகிறார்கள். மரம் அழுகும், கல் எதுவும் செய்யாது என்ற எண்ணத்தால் பலரும் கல்லையே தேர்ந்தெடுக்கின்றனர். என் கணிப்பு இதற்கு நேர்மாறானது. மரத்தால் வரும் தொல்லை கண்ணெதிரே தோன்றிப் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். பொருந்தாத கல்லோ, நீர் பளிங்குபோலத் தெளிந்திருக்கும்போதே அதன் தன்மையை மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டிருக்கும்.

முதலில் மரம். நன்றாக உலர்ந்த, பட்டை நீங்கிய கடின மரக்கட்டையே தொட்டிக்கு ஏற்றது. பச்சை மரத்திலுள்ள சாறு நீரில் அழுகும், பைன் போன்ற மரங்களின் பிசின் மீன்களுக்குக் கேடு விளைவிக்கும். கட்டையைக் கொதிக்க வைத்தோ, நீரை மாற்றி மாற்றிப் பல நாள் ஊற வைத்தோ பயன்படுத்தினால், நீரைத் தேநீர் நிறமாக்கும் டானின் பெருமளவு வெளியேறுவதோடு கட்டையும் மிதக்காமல் மூழ்கத் தொடங்கும். எஞ்சிய நிறம் மீன்களுக்குத் தீங்கன்று. கண்ணை உறுத்தினால் வடிகட்டியில் கிளர்வூட்டிய கரியை வைத்து நீக்கிவிடலாம். புதிய கட்டையின் மீது வெண்பஞ்சுபோல் படரும் படலத்தைக் கண்டு தொட்டியையே கலைத்தவர்கள் உண்டு. அது பெரும்பாலும் தானே மறைந்துவிடும், நத்தைகளும் இறால்களும் அதை விரும்பி மேயும்.

கல்லின் கதை வேறு. கிரானைட், பசால்ட், குவார்ட்ஸ் ஆகியவை நீருடன் அநேகமாக வினைபுரிவதில்லை. ஆனால் சுண்ணாம்புக்கல், சலவைக்கல், பவளத்துண்டு ஆகியவற்றிலுள்ள கால்சியம் கார்பனேட் மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் உயர்த்தும். கல்லின் மீது வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது வழக்கமான சோதனை. நுரைத்தால் கார்பனேட் இருப்பதில் ஐயமில்லை, நுரைக்கவில்லை என்பதாலேயே நிம்மதி கொள்ளக் கூடாது. வினிகர் வலுக்குறைந்த அமிலம் என்பதால், கார்பனேட் சிறிதளவே உள்ள கல் அதில் தப்பிவிடலாம். கல்லை ஒரு வாளி நீரில் ஒரு வாரம் போட்டு, கடினத்தன்மையை முன்னும் பின்னும் அளப்பதே நம்பகமான வழி. உலோகம்போல் மின்னும் கோடுகளோ துருக்கறையோ உள்ள கல்லைத் தவிர்ப்பது நல்லது. மரத்தைப் போலக் கல்லையும் கொதிக்க வைக்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம்; உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி விரிந்தால் கல் வெடித்துச் சிதறக்கூடும். தேய்த்துக் கழுவினாலே போதும், சோப்பு எதற்கும் ஆகாது.

ஆயினும் சுண்ணாம்புக்கல்லை எல்லாத் தொட்டிக்கும் விலக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் சிக்லிட் மீன்கள் கடினமான காரநீரில் வாழ்பவை. டாங்கனிக்காவின் சில சிறிய சிக்லிட்கள் வெறும் நத்தை ஓடுகளுக்குள்ளேயே குடியிருந்து முட்டையிடுகின்றன. இவற்றுக்குச் சுண்ணாம்புக்கல் துணையாக நிற்கும். மென்னீரை விரும்பும் நியான் டெட்ரா, டிஸ்கஸ் ஆகியவற்றுக்கு மரமே பொருத்தம். ஆனால் மரம் போட்டாலே பி.எச். இறங்கிவிடும் என்று நம்புவதும் தவறு, ஏனெனில் கார்பனேட் மிகுந்த நீரில் டானினின் சிறு அமிலத்தன்மை எடுபடாமல் போய்விடும்.

உலர்ந்த நாட்டு வாதுமை இலையை மரத்தின் உறவாகக் கொள்ளலாம்: அதே டானின், அதே நிறம், ஆயுள் மட்டும் சில வாரங்கள். தானாக உதிர்ந்து பழுப்பேறிய, பூச்சிமருந்து படாத இலையாக இருக்க வேண்டும்; அளவு மீறினால் அது மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறையும்.

மரம், கல் இரண்டையும் சேர்த்து வைப்பவர்கள், கனமான கற்களை மணல் பரப்பும் முன்பே அடித்தளத்தில் நிலையாக அமர்த்திவிட வேண்டும். மணலின் மீது கல்லை அடுக்கினால், மீன்கள் அடியில் குழி பறிக்கும் நாளில் அது சரிந்து கண்ணாடியை உடைக்கலாம். மிதக்கும் கட்டையையும் அந்தக் கல்லோடு பிணைத்துவிட்டால், அது தானாக மூழ்கும்வரை இடம்பெயராமல் இருக்கும்.