மேக்னடிக் ஃப்ளோ மீட்டர்: எங்கே பொருந்தும், எங்கே காலை வாரும்

பைப்பில் ஓடும் திரவத்தின் அளவைக் காந்தப்புலம் வைத்து அளக்கும் மீட்டர் இது. கழிவுநீர், அமிலம், கூழ் மூன்றுக்கும் தயங்காமல் வாங்கலாம். உள்ளே சுழலும் பாகம் இல்லை, அடைப்பு இல்லை, பிரஷர் டிராப்பும் (அழுத்த இழப்பும்) இல்லாத மாதிரிதான். ஆனால் திரவம் மின்சாரம் கடத்த வேண்டும்; பொதுவாகச் சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமன்ஸாவது தேவை. எண்ணெய், டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய நீர்), நீராவிக்கு இது ஆகவே ஆகாது.

பெரும்பாலோர் சறுக்குவது சைஸில். பைப் 100 மி.மீ. என்பதற்காக மீட்டரும் 100 வாங்குகிறார்கள். மணிக்கு 20 கன மீட்டர்தான் ஓடுகிறதென்றால் வேகம் நொடிக்கு 0.7 மீட்டர், 80 மி.மீ. மீட்டரில் அதுவே 1.1 ஆகும், ரீடிங் நிதானப்படும். பைப்பைச் சுருக்கி மீட்டரோடு இணைக்கும் ரெடியூசரின் செலவைப் பார்க்காதீர்கள்.

மீட்டருக்குள் சிக்னலை எடுக்கும் எலக்ட்ரோடுகள் பக்கவாட்டில் இருக்கட்டும். மேலே வந்தால் காற்றுக் குமிழி, கீழே வந்தால் வண்டல். பைப் எப்போதும் நிறைந்திருக்க, கீழிருந்து மேலேறும் லைனே உத்தமம். மீட்டருக்கு முன்னால் விட்டத்தைப்போல் 5 மடங்கு, பின்னால் 2 மடங்கு நீளத்துக்கு நேர்ப்பைப் விடுங்கள்.

பிவிசி லைனில் எர்த்திங் ரிங் (திரவத்தை எர்த்தோடு இணைக்கும் உலோக வளையம்) போடாவிட்டால் ரீடிங் தாவிக்கொண்டே இருக்கும்; பழி மீட்டர் மேல் விழும். அமிலத்துக்கு மீட்டரின் உட்புறத்தில் டெஃப்லான் லைனிங் சரி, ஆனால் வேக்குவம் வரும் லைனில் அது உள்வாங்கிக் கிழியும்.