நியூரோஎய்ட்: சிங்கப்பூரிலிருந்து வரும் பக்கவாதக் காப்சூல்

மன்னார்குடி, திருவாரூர் பக்கம் ஒருவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டால், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளை ஊருக்கு வரும்போது பெட்டியில் நியூரோஎய்ட் என்ற இந்தச் சீன மூலிகைக் காப்சூலும் வந்துவிடும். பிள்ளை வரும்வரை ஆகும் தாமதம்தான் முதல் சிக்கல்.

பழைய நியூரோஎய்டில் 14 சரக்கு. ஒன்பது மூலிகை, ஐந்து விலங்குப் பொருள். மூலிகைகளில் ஒன்று நம் வசம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. விலங்குப் பட்டியலில் அட்டை, தேள், கோரோசனை எல்லாம் உண்டு. சைவ வீட்டில் இதை முன்னமே சொல்லிவிடுவது நல்லது. நியூரோஎய்ட் 2 என்பது அந்த ஒன்பது மூலிகை மட்டும்.

பழையதன் அளவு வேளைக்கு 4, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். அதாவது சுமார் 1,080 காப்சூல். இரண்டு டப்பா கொண்டுவந்து 'கொடுத்துப் பார்த்தோம்' என்பதில் அர்த்தமில்லை.

பலன் உண்டா? சிங்கப்பூர், இலங்கை, பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட நாடுகளில் 1,100 பேரிடம் நடந்த 'சைம்ஸ்' ஆய்வு 2013-இல் வெளியானது. ரத்தக்குழாய் அடைத்து வாதம் வந்தவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள், ஆஸ்பிரின் போன்ற வழக்கமான மருந்தோடு சேர்த்துத் தொடங்கினார்கள். மூன்றாம் மாத முடிவில் வெற்று காப்சூல் சாப்பிட்டவர்களைவிடத் தெளிவான முன்னேற்றம் இல்லை. அவர்களில் 880 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது 6-ஆம் மாதத்தில் ஓரளவு வேறுபாடு தெரிந்து 18-ஆம் மாதம் வரை நீடித்தது. 24-இல் அது உறுதிப்படவில்லை. ஆக, 'கொஞ்சம் உதவலாம்' என்பதற்கு மேல் சொல்ல முடியாது. வாதம் வந்து ஒரு மாதம் கழித்துத் தொடங்கினால் அந்தக் 'கொஞ்ச'த்துக்கும் இந்த ஆய்வு சாட்சி சொல்லாது.

மூளையில் ரத்தம் கசிந்து வந்த வாதமா, அடைப்பா என்பது சி.டி. போன்ற ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவுக்கு இந்த ஆய்வு பொருந்தாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் இதைத் தொடக்கூடாது: இதிலுள்ள டான்ஷென் வேர் வார்ஃபரினின் வீரியத்தை ஏற்றும், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) எகிறும், ரத்தக்கசிவு வரலாம். மற்றவர்களும் டாக்டரிடம் டப்பாவைக் காட்டிவிட்டே கொடுக்க வேண்டும். இதை நம்பி ஆஸ்பிரினையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

காசு குறைவாக இருந்தால் எங்கள் தீர்ப்பு ஒன்றே: முதலில் பிசியோதெரபி, மிச்சமிருந்தால் காப்சூல். முகம் கோணி, பேச்சு குழறிய அன்றைக்கோ இரண்டும் இல்லை, எண்ணெய்த் தடவலும் இல்லை. 108-ஐ அழைத்து ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போவதுதான். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

விழுங்கும் திறனை மருத்துவமனையில் சோதிக்காமல் எந்தக் காப்சூலும் வாயில் போடக்கூடாது. இருமல் வரவில்லையே என்று தைரியம் கொள்ள வேண்டாம். தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம். சோதனையில் தேறியவருக்கும் நேராக உட்கார வைத்து, ஒவ்வொன்றாகத்தான் கொடுக்க வேண்டும்.