அணைப் பக்கத்து மீன்குஞ்சுக் கடை: குஞ்சு நல்லது, கணக்கைக் கவனியுங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்குள் பண்ணைக் குட்டை வைத்திருக்கிறேன். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்குவது கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தனியார் கடையில். பெயர்ப்பலகை கிடையாது, சிமெண்ட் தொட்டிகளும் நீலத் தார்ப்பாயும்தான் அடையாளம்.

இங்கே குஞ்சுகளை அளவு பார்த்துப் பிரித்து வைக்கிறார்கள். அதற்கே மதிப்பெண் போடலாம். பெரிசும் சிறுசும் ஒன்றாகக் கிடந்தால் தீனி விழுந்ததும் பெரிசு முந்திக்கொள்ளும். நாளாக ஆக இரண்டுக்கும் வித்தியாசம் கூடிக்கொண்டே போகும்.

கடைப் பையன் ஒரு வேடிக்கை காட்டினான். தொட்டி மேல் கையை வீசி நிழல் விழச் செய்தான். குஞ்சுகள் அத்தனையும் அடிக்குப் போய்விட்டன. அப்புறம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்த தூளைத் தூவினான். நாலைந்து மட்டும் உடனே மேலே வந்து வாயைத் திறந்தன. மற்றவை வர வெகுநேரம் ஆனது. "இந்தத் துணிஞ்ச குஞ்சுதான் வேணும்னு கேக்கறாங்கண்ணா. கொக்குக்கும் இதுதான் முதல்ல மாட்டும்."

பையன் சொன்னது சரி. கனடா ஏரிகளில் டிரௌட் மீனை விட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. வேகமாக வளரவென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த பண்ணை இனம், இரை தேடும்போது காட்டு இனத்தைவிட அதிகம் துணிந்தது, வேகமாகவும் வளர்ந்தது. மீனைப் பிடித்துத் தின்னும் எதிரிகளின் ஆபத்து குறைந்த ஏரியில் அதுவே அதிகம் பிழைத்தது. ஆபத்து மிகுந்த ஏரியில் அதுவே அதிகம் செத்தது. நம் குட்டைக்கும் கணக்கு இதுதான். மேலே வலை கட்டியிருந்தால் துணிஞ்ச குஞ்சு லாபம், இல்லாவிட்டால் நீர்க்காகத்துக்கு விருந்து. அதிலும் கட்லா மேல்மட்டத்தில் மேய்கிற மீன்.

இதைத் தெரிந்து வைத்திருக்கிற இந்தக் கடைக்காரர்கள் விற்கிற பறவை வலைதான் மட்டம். நூல் மெலிசு, முடிச்சில் பிரிகிறது. வலையை வேறு இடத்தில் வாங்குங்கள்.

இன்னொரு குறை எண்ணிக்கை. கிண்ணத்தில் அள்ளிப் போட்டு ஆயிரம் என்கிறார்கள். ஒரு கிண்ணத்தையாவது எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் எண்ணுவார்கள். குஞ்சு கொண்டுபோகிற ஆக்சிஜன் பை மட்டும் கெட்டியாகக் கட்டித் தருகிறார்கள், பர்கூர் வரை கொண்டுபோனவர்களும் குறை சொல்லவில்லை. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், மத்தியானம் பை கட்ட மாட்டார்கள்.